மாதா சுற்ற வேண்டாம் என்ற சாமுவேல் அண்ணை

எஸ்தர் அக்காவின் அழைப்பு வந்தபோது நான் தபால் கந்தோரில் பதிவுத்தபால் முகப்பில் இருந்தேன். வேலை நேரத்தில் நான் தொலைபேசி எடுப்பவள் அல்ல. அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன், அதனால் எடுத்தேன். என் கைப்பையில் குடைக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவே, துணியில் சுற்றிய ஒரு சீடி இருந்தது. அது ஓட மறுத்துவிட்டது. அதை அவருடைய கணவர் சாமுவேல் அண்ணையிடம் காட்டத்தான் போக இருந்தேன்.

"தங்கச்சி, இண்டைக்கு வரவேண்டாம்," என்றார் எஸ்தர் அக்கா.

"பரவாயில்லை அக்கா. நாளைக்கு வரட்டே?"

"இனி வரவேண்டாம் தங்கச்சி. அவர் காலமை மோசம் போயிட்டார்."

முகப்புக்கு வெளியே கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு பெரியவர் கடிதத்தை நீட்டியபடி நின்றார். வாங்கி நிறுத்து, முத்திரை ஒட்டி, பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தேன். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, "என்ன மிஸ், ஊட்டுல ஏதும் கரைச்சலா?" என்று கேட்டார். "இல்லை, தெரிஞ்ச ஒராள் செத்துப்போனார்," என்றேன். தெரிஞ்ச ஒராள். அப்படிச் சொன்னதற்காக அன்று முழுவதும் என்மீதே எனக்கு எரிச்சலாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. சாமுவேல் அண்ணை எனக்குச் சொந்தம் இல்லை. அவர் பாலையூற்று, நாங்கள் துறைமுகத்தடி. ஒரே கோவிலும் இல்லை. அவர் புரட்டஸ்தாந்து, நாங்கள் கத்தோலிக்கர்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் துறைமுகத்தில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். சிலருக்கு ஞாயிறு ஆராதனையில் கடைசி வாங்கில் இருந்து ஒரு சுருதி தள்ளிப் பாடுபவர். பழைய வீடியோ கேம் பெட்டிகளை இன்னும் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் கொஞ்சப் பேருக்கு, அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரே ஆள். நான் இதில் எந்தக் கூட்டத்திலும் சேராதவள். எனக்குக் கேம் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. என் கணவரின் பெருவிரலுக்காகத்தான் அவர் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

என் கணவர் டொமினிக் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். ஐந்து வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த மிஸ் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துத் தினமும் அமத்தச் சொன்னார். டொமினிக் அதை நல்ல கையால் எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். மூன்று முறை எறிந்தார். நாலாம் முறை நான் போய் எடுத்து வரவில்லை. எனக்கும் கோபம் வரும். பிறகு ஒரு நாள் அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது, அவர் இளந்தாரியாகக் கப்பலில் போன காலத்தில் வாங்கிவந்த சாம்பல் நிறக் கேம் பெட்டி கையில் பட்டது. உள்ளே ஒரு கார்ப் பந்தய சீடி இருந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் காணப் பொறுக்காமல்தான் அதைத் தொலைக்காட்சியில் பொருத்தி, கொன்ரோலரை மடியில் வைத்தேன்.

அந்த விளையாட்டில் காரை ஓடவிடும் பொத்தான் வலது பெருவிரலுக்குக் கீழே இருக்கிறது. மற்றக் கார்கள் புறப்பட்டுப் போய்விட்டன. இவருடைய கார் நின்றது. அவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இவரைத் தாண்டிப் போயின. அப்போதும் நின்றது. நான் நிறுத்த எழும்பியபோது கார் ஒரு முழம் நகர்ந்தது. நான் விரலைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். கார் நகர்ந்ததால்தான் விரல் அசைந்தது என்று எனக்குத் தெரிந்தது. பயிற்சி மிஸ் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இந்த விரலை விட்டுடாதேங்கோ. ஒரு மாதம் சும்மா கிடந்தா இதுவும் போயிடும்," என்றார். அன்று முதல் தினமும் பின்னேரம் எங்கள் வீட்டில் கார் ஓடியது.

அந்தச் சீடியை உடைத்தது நான். சில்லுக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தபோது கீழே கிடந்ததைக் கவனிக்கவில்லை. டொமினிக் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டணத்தில் ஒரு கடையில் அதே விளையாட்டைச் சீடியில் அடித்துத் தந்தார்கள். கடைக் கணினியில் போட்டு, இதோ இருக்கிறது என்று காட்டியும் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பெட்டி அதைச் சுற்றியது, நிறுத்தியது, மறுபடி சுற்றியது, நிறுத்தியது. திரை கறுப்பாகவே கிடந்தது. மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில்தான், பாலையூற்றில் ஓர் ஐயா இருக்கிறார், அவரிடம் போங்கள் என்றார்கள்.

சாமுவேல் அண்ணை சீடியை ஓரத்தில் பிடித்து வெயிலில் சரித்துப் பார்த்தார். தன் கணினியில் போட்டுப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் சிரித்தார்.

"நீங்கள் எங்க வேலை தங்கச்சி?"

"தபால் கந்தோரில."

"அப்ப உங்களுக்கு லேசா விளங்கும். ஒராளுக்கு வந்த கடிதத்தைக் குடுக்காமல், சீல் வைச்ச தபால் பையை அப்பிடியே தூக்கிக் குடுத்தா அவர் என்ன செய்வார்? இதுக்குள்ள விளையாட்டு இருக்கு. ஆனா பையை அவிழ்க்கேல்லை. கணினிக்கு அவிழ்க்கத் தெரியும். உங்கட கிழட்டுப் பெட்டிக்குத் தெரியாது."

அவரே புதிதாக ஒன்று எழுதித் தந்தார். அடிக்கிறது என்று சொல்ல மாட்டார், எழுதுறது என்றுதான் சொல்வார். தன் பழைய கணினியில், இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்து எழுதினார். அது முடியும் மட்டும் அந்த அறையில் ஒருவரும் நடக்கக்கூடாது. எஸ்தர் அக்கா குசினியில் தேங்காய் உடைப்பதைக்கூட நிறுத்திவிட்டு வந்து கதவடியில் நின்றார். நான் கதிரை நுனியில் இருந்து, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அவசரமா எழுதினதை ஆறுதலா வாசிக்க ஏலாது தங்கச்சி," என்றார். "கடைக்காரர் கடகடவெண்டு எழுதுவினம். புதுப் பெட்டியள் சமாளிச்சு வாசிக்கும். இதின்ர கண் பழசு. அதுக்கு வடிவா எழுதிக் குடுக்கோணும்."

சீடியை வாசிக்கும் சின்ன லென்ஸை அவர் கண் என்றே சொல்வார். அவர் எழுதிய சீடி அன்று பின்னேரமே ஓடியது. ஒரு கிழமை கழித்து, கேட்காமலே வீட்டுக்கு வந்து டொமினிக்கின் பக்கத்தில் இருந்து பார்த்தார். காரைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். அதன் பிறகு தொலைபேசி எடுத்தால் அவர் முதலில் கேட்பது, "விரல் எப்பிடி?"

அவருடைய வேலை அறையைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துண்டு மட்டைகளை மறக்க முடியாது. சுவர்த்தட்டில் செத்த பெட்டிகள் வரிசையாக இருக்கும். எதில் இருந்து எந்தச் சாமானைக் கழற்றினாலும், கழற்றிய இடத்தில் ஒரு சின்ன மட்டையை நூலில் கட்டிவிடுவார். என்ன எடுத்தது, ஆருக்கு, எப்போது திரும்பி வரும் என்று அதில் எழுதியிருக்கும். துறைமுகக் களஞ்சியத்தில் பழகிய பழக்கம். "எடுத்த இடம் வெறுமையா இருக்கக்கூடாது," என்பார். "வெறுமையைப் பாத்து அடுத்து வாறவன் என்னத்தை விளங்குவான்?"

எஸ்தர் அக்கா அந்த மட்டைகளை வைத்து அவரைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. ஒரு முறை என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்ச் சீனிப் பேணியைத் திறந்து காட்டினார். அவருக்குச் சீனி வருத்தம், தொடக்கூடாது. பேணிக்குள் ஒரு மட்டை கிடந்தது. "சீனி, அரைக் கரண்டி. சாமுவேலுக்கு. திரும்ப வராது." நான் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்த நாட்களும் உண்டு.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

முதல் சீடி இரண்டு கிழமை ஓடிவிட்டு நின்றது. அவரிடம் கொண்டுபோனேன். அவர் வீட்டுப் பெட்டியில் போட்டால் ஓடியது. எங்கள் வீட்டில் ஓடவில்லை. புதிதாக எழுதித் தந்தார். அதுவும் அப்படியே. வேறு வகைச் சீடி வாங்கி எழுதினார். எங்கள் பெட்டியின் கண்ணைத் துடைத்தார். பாயில் வைத்திருந்ததை மேசையில் வைக்கச் சொன்னார். கடற்கரை வீடு, உப்புக் காற்று என்று பெட்டிக்குத் துணி தைத்துப் போடச் சொன்னார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே நாலு நாள் விட்டார். எனக்குப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தோணும் தங்கச்சி. ரெண்டை மாத்தினா, சரிவந்தாலும் எதால சரிவந்தது எண்டு தெரியாது. பிறகு அடுத்த முறை நாங்கள் ரெண்டு பேரும் முழுசிக்கொண்டு நிப்பம்."

பெட்டியைத் தலைகீழாக வைத்தால் ஓடும் என்று ஆரோ சொன்னதாகவும் சொல்லிப் பார்த்தேன். "தலைகீழா நிண்டு சாப்பிடுற மனுசனைச் சுகமா இருக்கிறார் எண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டார். ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்தார். அவர் முன்னால் சீடி ஒழுங்காக ஓடியது. அவர் படலை தாண்டியதும் நின்றது. "இந்தப் பெட்டிக்கு என்னைக் கண்டாப் பயம்போல," என்று தொலைபேசியில் சொன்னார். குரலில் சிரிப்பு இருந்தாலும் அது அவரைத் தின்றுகொண்டிருந்தது. நாலு மாதம் இப்படிப் போனது.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் மாதா படம் ஒட்டாத சாமான் கிடையாது. வள்ளத்தில் ஒட்டுவோம், ஓட்டோவில் ஒட்டுவோம், காஸ் சிலிண்டரிலும் ஒட்டுவோம். சாமுவேல் அண்ணையின் முதல் சீடி வந்த அன்றே அதன் மேல்பக்கத்தில் ஒரு மாதாவை ஒட்டிவிட்டேன். மோட்டார் சைக்கிளில் ஒட்டுகிற, பிளாஸ்டிக் பூசிப் புடைத்திருக்கும் தடித்த படம். அன்று ஓடியதல்லவா, அதனால் மாதாதான் ஓட வைத்தாள் என்று என் மனதில் பதிந்துவிட்டது. பிறகு சீடி இழுபறிப்பட்டபோது, மாதா போதவில்லை என்று இன்னொரு மாதாவை ஒட்டினேன். ஆனால் அவர் சிலை, சுரூபம் ஒன்றும் வைக்காத சபை ஆள். அவர் கையில் மாதாவோடு கொடுக்க வெட்கமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் நகத்தால் உரித்து எடுத்துவிடுவேன். திரும்பி வந்ததும் புதிதாக ஒன்று ஒட்டுவேன். அவர் வீட்டுக்கு வந்த அன்று, படலைச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் உரித்தவள் நான், அவர் போனதும் திரும்ப ஒட்டியவளும் நான்.

நாலாவது சீடியை அவர் ஜன்னலடியில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இஞ்ச வாங்கோ, இதுக்குள்ளால வெளிச்சத்தைப் பாருங்கோ," என்றார். சீடியின் வெள்ளிப் பூச்சு ஓரிடத்தில் உரிந்து, ஊசி ஊசியாய் வெயில் தெரிந்தது. அந்த ஓட்டைகள் ஒரு வளைவில் இருந்தன. மேலே வட்டமாய்த் தலை, இரண்டு பக்கமும் இறங்கும் முக்காடு. முகம் இல்லாவிட்டாலும் அந்த உருவத்தை எனக்குத் தெரியாதா? காது சுட்டது.

அவர் குற்றம் சொல்லாமல் விளக்கினார். எழுத்து சீடியின் கீழ்ப்பக்கத்தில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது மேல்தோலுக்குச் சரியாகக் கீழே இருக்கிறது. மேலே ஒட்டியதை உரித்தால் எழுத்தும் சேர்ந்து உரியும். ஒரு பக்கம் பாரம் கூடினால் சீடி தள்ளாடும், கண்ணுக்கு அதைப் பிடிக்க முடியாது. எல்லாம் சரி. எனக்கு வந்தது கோபம். "உங்களுக்கு மாதாவில நம்பிக்கை இல்லை எண்டதுக்காக..." என்று தொடங்கிவிட்டேன்.

"தங்கச்சி, அவவைப் போகச் சொல்லி நான் சொல்லேல்லை. அவ இருக்கட்டும்," என்றார். "ஆனா மாதா சுத்த வேண்டாம். மூடியில இருந்து பாக்கட்டும்."

அடுத்த நாள் என் கேம் பெட்டியை வாங்கி, மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்து, தடிப்பில்லாத ஒரு கடதாசி மாதாவை அந்தப் புரட்டஸ்தாந்து மனிதர் தன் கையால் ஒட்டினார். ஓரம் கிளம்பாமல் பசை பூசி, சீடியில் முட்டுகிறதா என்று மூடித் திறந்து பார்த்தார். "போதகர் வந்து கேட்டா என்ன சொல்லுவியள்?" என்று எஸ்தர் அக்கா கேட்டார். "மின்வேலை எண்டு சொல்லுவன்," என்றார். நாலு மாதம் அவருடைய நேரத்தைத் தின்ற இந்தக் கதையை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சீடி ஒரு நாளும் தவறவில்லை. டொமினிக் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஒரே ஒரு முறை ஆறாவதாக வந்தார். அன்று அவர் கோப்பையின் காதை வலது கையால் பிடித்தார். தூக்க முடியவில்லை, பிடித்தார். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். எங்களுக்குக் கிடைத்த நல்ல காலம் அவ்வளவுதான். குறை சொல்லவில்லை, அளவைச் சொல்கிறேன்.

பிறகு பெட்டியே தளரத் தொடங்கியது. அவர் திறந்து பார்த்துவிட்டுக் கண் களைத்துவிட்டது என்றார். அந்தக் கண்ணின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, அதைத் திருகினால் வெளிச்சம் கூடும் என்று கடைகளில் கேள்விப்பட்டிருந்தேன். திருகிவிடுங்கள் என்று நின்றேன்.

"திருகினா இண்டைக்குப் பாக்கும். மிச்சமிருக்கிற வெளிச்சத்தை ஒரேயடியாக் கொட்டிப்போட்டுக் குருடாப்போயிடும். நான் இருக்குமட்டும் இதைத் தொட விடமாட்டன். ஒரு கிழமை தாங்கோ."

ஒரு கிழமைக்குள் வேறொரு கண்ணைக் கொண்டுவந்து மாற்றித் தந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "ஆரும் விளையாடாத பெட்டி ஒண்டு கிடந்தது," என்றார். நான் மேலே கேட்கவில்லை. கேட்டது கையில் கிடைத்துவிட்டால் அதோடு கேள்வியை நிறுத்திவிடுகிற ஆள் நான்.

அந்தக் கண்ணும் ஒரு வருடம் உழைத்தது. போன மாதம் மறுபடி இழுபறி தொடங்கியதும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "முதல்ல சீடியைக் கொண்டாங்கோ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையாதேங்கோ. ஒண்டொண்டாப் பாப்பம். விரல் எப்பிடி?" என்றார். ஆடுது அண்ணை என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மறுநாள் காலை கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர், அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம், பிறகு எழும்பவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். சீடி அப்போதும் கைப்பையில்தான் இருந்தது. சவப்பெட்டியில் அவருடைய கைகளைப் பார்த்தேன். வலது பெருவிரல் நகத்தில் ஈயம் சுட்ட கறுப்பு இருந்தது. கடைசி வாங்கில் இருந்து பிழையான சுருதியில் ஒரு குரலும் வரவில்லை. பாட்டு எல்லாம் சரியாக இருந்தது, அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு எங்கள் வீட்டில் பின்னேரம் என்பது இதுதான்: டொமினிக்கைக் கதிரையில் இருத்தி, கொன்ரோலரை மடியில் வைத்து, பெட்டியைப் போடுவேன். சீடி மூன்று முறை சுற்றி நிற்கும். திரை கறுப்பு. முதல் நாட்களில் அவர் கறுப்புத் திரையைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினார். பிறகு எப்போதாவது அழுத்தினார். ஒரு மாதம் என்று பயிற்சி மிஸ் சொன்னது தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருபதாம் நாள் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்தில் ஒரு கடைக்குப் போனேன். திருகாணியைத் திருகச் சொன்னேன். "அக்கா, இது கன நாள் நிக்காது," என்று கடைக்காரர் சொன்னார். பாவம், அவர் மேல் பிழை இல்லை. "திருகுங்கோ," என்றேன்.

நாலு நாள் ஓடியது. நாலு நாளும் டொமினிக் முகம் கழுவியதும் கொன்ரோலரைக் கேட்டார், இடது கையால் காட்டி. ஐந்தாம் நாள் பெட்டி சீடியைச் சுற்றக்கூட இல்லை. சாமுவேல் அண்ணை சொன்னபடிதான் நடந்தது.

கடைசியாக எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. சாமுவேல் அண்ணை வீட்டில் அவருடைய சொந்தப் பெட்டி ஒன்று இருந்தது. என் சீடிகளை எல்லாம் போட்டுப் பார்த்த பெட்டி. துக்க வீட்டில் போய் அதைக் கேட்பதா என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். எஸ்தர் அக்கா அலுமாரியைத் திறந்து, தன் பழைய சேலையில் சுற்றியிருந்த பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"கொண்டுபோங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் பின்னேரத்தில இதில கட்டை அடுக்குற விளையாட்டு விளையாடுறனாங்கள். நான்தான் வெல்லுறது. போன வருசம் தனக்கு அலுத்துப்போச்சு எண்டு சொல்லிக் கட்டி வைச்சவர்."

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் நூலில் கட்டிய ஒரு துண்டு மட்டை. எஸ்தர் அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சத்தமாகவே வாசித்தார். "கண் ஒண்டு. டொமினிக்குக்கு. திரும்ப வராது."

நாங்கள் இரண்டு பேரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "அலுத்துப்போச்சு எண்டுதானே எனக்குச் சொன்னவர்," என்றார் எஸ்தர் அக்கா. கொஞ்சம் கழித்து என் கையைப் பிடித்து, "அது இப்ப நல்லாப் பாக்குதோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன். "நல்லாப் பாக்குது."

எஸ்தர் அக்கா இதைப் படிப்பார். அதற்காகத்தான் எழுதுகிறேன். அக்கா, அது பார்க்கவில்லை. அவர் தொட விடமாட்டேன் என்று சொன்ன திருகாணியை, அவர் போய் இருபது நாளில் நான் திருகுவித்தேன். நீங்கள் பின்னேரங்களில் விளையாடிய கண்ணை நாலு நாளுக்காக எரித்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

விரலும் போய்விட்டது. பயிற்சி மிஸ் போன கிழமை வந்து, டொமினிக்கின் விரலை அசைத்துப் பார்த்து, கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போனார். இப்போது பின்னேரங்களில் அவருடைய பெருவிரலுக்குக் கீழே என் விரலைக் கொடுத்து அழுத்தச் சொல்கிறேன். அவர் அழுத்துவதில்லை. என் விரலில் கார் ஓடுவதில்லை. வேறு பெட்டி தேடலாம், வேறு ஆள் தேடலாம் என்று சொல்கிறவர்களுக்கு நன்றி. எனக்கு இனி நம்பிக்கை இல்லை. இல்லாததை இருக்கிறது என்று ஒரு முறை சொன்னது போதும்.

சாமுவேல் அண்ணையிடம் இருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம் மட்டும்தான். எடுத்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது, எழுதிக் கட்ட வேண்டும். நேற்று, புதுச் சாப்பாட்டுப் பெட்டி வந்த மட்டையில் ஒரு துண்டு வெட்டி, ஆறுதலாக, எழுத்துச் சாயாமல் எழுதினேன். அதை எங்கள் பெட்டியின் மூடிக்குள், அவர் ஒட்டிய மாதாவுக்குக் கீழே கட்டியிருக்கிறேன்.

"சாமுவேல் அண்ணையின் கண் ஒன்று. எடுத்தது நாங்கள். எரித்தது நான். திரும்ப வராது."